கியர் இல்லாத வண்டி

ஹாமார் ஊரில், ஏரிக்கரையிலிருந்து மேலேறும் சரிவில், மூன்றுக்கு மூன்றாக ஆறு வீடுகள் முகம் பார்த்து நிற்கும் தெரு ஒன்று இருக்கிறது. ஆறு வீட்டுக்கும் தெருக்கோடியில் ஆறு கார் கொட்டகைகள். ஐந்து கொட்டகைகளில் கார் நின்றது. நான்காவதில் சிண்ட்ரேயின் உயிர் நின்றது.

இப்படிச் சொன்னது எதிர்வீட்டு டூரிட். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஜன்னலில் மூன்று ஆர்க்கிட் தொட்டிகளை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றும் சாக்கில் தெருவைக் கண்காணிப்பவள். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை தண்ணீர் ஊற்றினால் எந்தச் செடி பிழைக்கும்? அவை பிளாஸ்டிக் செடிகள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அவளிடம் கேட்டதில்லை.

சிண்ட்ரேயின் உயிர் கரும்பச்சை நிறத்தில் இருந்தது. இரண்டே இருக்கை, மடக்கினால் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் துணிக்கூரை, ஆறு கியர். அக்டோபர் முடிந்ததும் அதன் நம்பர் தகடுகளைக் கழற்றி வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, மேலே கம்பளி போர்த்தி, ஏப்ரல்வரை தூங்கவைப்பான். அந்த ஆறு மாதமும் வேலை விட்டு வந்ததும் கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். நகராட்சியில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன். பூமிக்கடியில் எது எங்கே ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்டுவான். வீட்டுக்குள் எது எங்கே ஓடுகிறது என்பதற்கு மட்டும் அவனிடம் வரைபடம் கிடையாது.

பொய் சொல்லக் கூடாது, அவன் மனைவி மாரெனுக்கும் அந்த வண்டியைப் பிடித்துத்தான் இருந்தது. முதல் கோடையில் கூரையை மடக்கிவிட்டு ஏரியைச் சுற்றி வந்தார்கள். தலைமுடி கலைந்து, கன்னம் சிவந்து அவள் இறங்கியதை டூரிட் பார்த்திருக்கிறாள். "பொண்ணு விழுந்துட்டா" என்று அன்றைக்கே ஆர்னேயிடம் சொன்னாள். ஆர்னே அவள் கணவன். செய்தித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "எங்க?" என்றான்.

மாரென் வடக்கே நாம்ஸோஸ்காரி. பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. கார் ஓட்டக் கற்றதே இருபத்தெட்டு வயதில்தான், அதுவும் கியர் இல்லாத வண்டியில். அதனால் அவள் ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கம் எழுபத்தெட்டு என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். கியர் வண்டியைத் தொடக் கூடாது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில், கடை மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரங்காடியின் காலியான வாகனத் திடலில் சிண்ட்ரே அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். நான்கு முறை இன்ஜின் அணைந்தது. ஐந்தாம் முறை வண்டி குதித்து, எங்கேயோ பல் நறநறவென்று கடிபடும் சத்தம் கேட்டது. சிண்ட்ரே ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கையை நீட்டி மெல்லத் தடவிக்கொடுத்தான். மாரெனை அல்ல, கியர்க் கம்பியை. அதன்பிறகு அவள் ஓட்டுகிறேன் என்று கேட்கவே இல்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் குழந்தை பிறந்தது. அதே வாரம் வண்டியும் கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் சிண்ட்ரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். பெண் குழந்தை, சுன்னிவா என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு இருக்கை, மூன்று பேர். இதற்கு வரைபடம் வேண்டியதில்லை, விரல் விட்டே எண்ணிவிடலாம். ஒன்பது மாதம் அவகாசம் இருந்தும் சிண்ட்ரே எண்ணவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்து இருக்கையின் ஏர்பேக்கை அணைத்துவிட்டு, குழந்தை இருக்கையை அங்கே இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான், பையோடு வெளியே நிற்கும் மனைவியை அவன் ஏறிட்டுப் பார்த்தான்.

"டாக்சி கூப்பிடவா?"

"எதுக்கு? பஸ் இருக்கு."

"நெஜமாவா?"

"பரவாயில்லன்னு சொல்றேன்ல."

பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிறவன் சிண்ட்ரே. குழந்தையோடு கிளம்பிவிட்டான். தையல் போட்ட உடம்போடு மாரென் நாற்பது நிமிடம் பஸ்ஸில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தாள். கீழே நிறுத்தத்தில் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி மேடேறினாள். டூரிட் அன்றைக்குத் தண்ணீர்க் குவளையோடே வெளியே வந்துவிட்டாள்.

"ஏம்மா மாரென், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆர்னேயோட வண்டி குப்பை கொண்டுபோய்ப் போடறதுக்கு மட்டும்தானே வெளிய போகுது!"

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"என்ன தொந்தரவு? அஞ்சு சீட்டு சும்மா கெடக்குது."

"பரவாயில்ல, டூரிட். நல்லாத்தான் வந்தேன்."

டூரிட்டுக்குப் பிரசவத் தேதி தெரியும். அந்த வண்டியில் எத்தனை இருக்கை என்பதும் தெரியும். அன்று காலையில் ஆணியில் தொங்கிய ஆர்னேயின் சாவியை அவள் இரண்டு தடவை பார்த்தாள். ஆனால் கேட்காமல் போய் நாங்கள் கூட்டிவருகிறோம் என்றால் மூக்கை நுழைப்பது ஆகிவிடும். இந்தத் தெருவில் ஜன்னல் வழியாக எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். கதவு வழியாகப் போய்க் கேட்பதுதான் அநாகரிகம். உதவி தேவைப்படுகிறவர் கேட்க மாட்டார், கொடுக்கக்கூடியவர் கேட்கும்வரை வாய் திறக்க மாட்டார். இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்துகொள்வார்கள். நடுவில் யாராவது பஸ்ஸில் வருவார்கள்.

கோடை போனது. சுன்னிவா, அந்த ஊர்க் குழந்தைகளைப் போலவே, வாசலில் தள்ளுவண்டிக்குள் கம்பளிப் பையில் தூங்கினாள். மாரென் வாசற்படியில் உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்தாள். சிண்ட்ரே கொட்டகைக்குள் இருந்தான். கடைக்குப் போக வேண்டுமானால் மாரென் தள்ளுவண்டியோடு சரிவில் இறங்கி, பால் பெட்டிகளோடு மேலேறினாள். வாரக் கடைசியில் எங்கேயாவது போக வேண்டுமானால், மூவரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அது தானாகவே மாரென் என்று ஆயிற்று.

ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், மாரென் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். குழந்தை அவள் தோளில்.

"சிண்ட்ரே."

"ம்."

"கொஞ்சம் இங்க பாரு."

அவன் பார்த்தான். கையில் வண்டி துடைக்கும் மான்தோல் துணி.

"இப்படியே இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது. மாறுச்சுன்னா இருப்பேன். மாறலன்னா அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா போயிட்டு வர்றதுக்கு இல்ல. சொல்லி வைக்கிறேன்."

"சரி" என்றான் சிண்ட்ரே.

எது மாற வேண்டும் என்று கேட்க ஒரே ஒரு சொல் போதும். அவன் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது வெளிச்சமாகிவிடுமே. காரில் எங்கேயோ கடகடவென்று சத்தம் வந்தால் யாரிடமும் போய்க் கேட்க மாட்டான். ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று கழித்துக்கொண்டே போவான். பதினொரு நாள் அப்படிக் கழித்தான். தான் குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. தினமும் பாத்திரம் கழுவுகிறான். கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். அது கொட்டகையில் நின்றது.

பன்னிரண்டாம் நாள் படம் எடுத்து விளம்பரம் போட்டான். விற்பதற்கு அல்ல, மாற்றிக்கொள்வதற்கு. பதிலுக்கு நான்கு கதவுள்ள மின்சாரக் கார் வேண்டும் என்று எழுதினான்.

லில்லஹாமரிலிருந்து ஸ்டெய்னர் என்று ஒருவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, புதுத் தோல் சட்டை. விலைச்சீட்டு கட்டிய நூல் இன்னும் கைப்பக்கம் தொங்கியது. அவர் கொண்டுவந்தது சாம்பல் நிற மின்சார செடான். பின் கண்ணாடியில் கரடிப் பொம்மை ஒட்டியிருந்து, உரித்து எடுத்த தடம் மட்டும் கரடி வடிவில் பாக்கி இருந்தது.

"குடும்பத்துக்குன்னே செஞ்ச வண்டி" என்றார் ஸ்டெய்னர். "பின்னாடி பாரு, மூணு பேர் காலை நீட்டலாம்."

"அப்புறம் ஏன் குடுக்கறீங்க?"

"புள்ளைங்க போயாச்சு. பொண்டாட்டியும் போயாச்சு. இப்போ எனக்கு ரெண்டு சீட்டே ஒண்ணு அதிகம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிண்ட்ரே சிரிக்கவில்லை. பிறகு, சிரிக்காவிட்டால் நன்றாயிருக்காதே என்று தாமதமாகச் சிரித்தான்.

"உனக்கு?" என்று அவர் கேட்டார்.

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா."

"நல்லது. மாத்திக்க வேண்டிய வயசுல மாத்திக்கற. நான் அப்போ மாத்தல." எதை மாற்றவில்லை என்று அவரும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி முடிந்தது. ஸ்டெய்னர் பச்சை வண்டியைக் கிளப்பி, தெருமுனையில் இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றும்போது பல் கடிபடும் சத்தம் எழுப்பினார். சிண்ட்ரேயின் வலது கை தானாகக் காற்றில் ஒரு அசைவு அசைந்தது. வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகும், சரிவில் அதன் சத்தம் தேய்ந்து தேய்ந்து ரயில் பாதை வரைக்கும் கேட்டது. அவன் அதுவரை அசையாமல் நின்றான். அதன்பின் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று டூரிட் எண்ணிவைத்திருக்கிறாள், நாற்பத்தைந்து நிமிடம். உள்ளே என்ன செய்தான் என்பது மட்டும் அவளுக்கே தெரியாது.

அவன் என்ன பேச வேண்டியிருந்ததோ அத்தனையையும் அந்த மாற்றத்திலேயே பேசி முடித்துவிட்டதாகத்தான் அவன் நினைத்தான். பஸ்ஸில் அனுப்பியதற்கு மன்னிப்பு, கியர்க் கம்பியைத் தடவிக்கொடுத்ததற்கு மன்னிப்பு, இரு, போகாதே — எல்லாமே சாம்பல் நிறத்தில், நான்கு கதவோடு, வாசலில் நிற்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்வான்?

மாரென் வெளியே வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பச்சை எங்க?"

"மாத்திட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"இதுல கியர் கெடையாது" என்றான் சிண்ட்ரே. ஒரு அட்டையை நீட்டினான். சாவிக்குப் பதில் அதுதான். "நீ ஓட்டலாம். உன் எழுபத்தெட்டுக்குத் தோதான வண்டி."

அவள் கண் நிறைந்தது. அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு வருத்தமா இல்லையா, சிண்ட்ரே?"

"ஒரு காருதானே."

"ஒரு காருதானா?"

"ம்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அந்தப் பார்வையைப் பார்த்து, இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறாள் என்று சரியாகவே புரிந்துகொண்டான். யோசித்துச் சொன்னான்: "டயரெல்லாம் புதுசு."

அக்டோபரில் தெருவே சேர்ந்து இலை கூட்டும் சனிக்கிழமை வந்தது. ஆறு வீட்டிலிருந்தும் வரவேண்டும். வராதவர் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை, ஆனால் யாரும் மறப்பதுமில்லை. இலை கூட்டி முடித்து, கொட்டகை வாசலில் பெஞ்சு போட்டு, டூரிட் சுட்ட வாஃபிளும் பழுப்புச் சீஸும் காப்பியுமாக எல்லாரும் நின்றபோது, பேச்சு முழுக்கச் சாம்பல் வண்டியைப் பற்றித்தான்.

"அப்பா ஆனா அப்படித்தான்" என்றான் ஆர்னே. அந்த வருடத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

"வாஷிங் மெஷினுக்கு நாலு சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றாள் டூரிட். "ஆனா ஒண்ணு, சத்தமே இல்ல. யாரு எப்போ போறாங்க வர்றாங்கன்னே தெரியாது." இது அவளுக்குத் தனிப்பட்ட நஷ்டம்.

"மாரென், நீ ஓட்டிட்டியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னும் இல்ல."

"இப்போ ஓட்டு! நாங்க பாக்கறோம்."

மாரென் கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டு, சுன்னிவாவைப் பின்னால் கட்டி உட்காரவைத்து, ஏறினாள். வண்டி தண்ணீரில் படகு நகர்வதுபோல நகர்ந்து, சரிவில் இறங்கிப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள் என்று நின்றார்கள். காப்பி ஆறியது. வாஃபிள் தீர்ந்தது. பெஞ்சை மடக்கி உள்ளே வைத்தார்கள்.

"எவ்வளவு பிடிச்சிருக்கு பாருங்க!" என்றான் சிண்ட்ரே.

மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். அந்த வண்டிக்கென்று கைப்பேசியில் ஒரு செயலி உண்டு; வண்டி எங்கே நிற்கிறது, மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். இருவர் கைப்பேசியிலும் இருந்தது. அதில் பார்த்து, அவள் ஏரியின் வடகோடியில், நெடுஞ்சாலை பிரியும் இடத்தில், ஒரு மணி பத்து நிமிடம் சும்மா நின்றிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் அங்கே நின்றாய் என்று கேட்க வாயெடுத்தான். பிறகு, வேவு பார்த்ததாக நினைத்துக்கொள்வாளோ என்று விட்டுவிட்டான்.

இப்போது சாயங்காலங்களில் அவன் கொட்டகைக்குப் போவதில்லை. சோபாவிலேயே உட்கார்ந்தான். குளிரில் மின்கலம் எப்படிச் சுருங்கும், எந்த வேகத்தில் போனால் எவ்வளவு மிஞ்சும், எந்த ஊரில் எத்தனை மின்னேற்றிகள் என்றெல்லாம் படித்தான். மற்ற மின்சாரக் கார்க்காரர்களோடு இணையத்தில் விடிய விடிய வாதம் செய்தான். மாரென் குழந்தையோடு எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். முன்பு அவனைக் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது கொட்டகையே வீட்டுக்குள் வந்துவிட்டது. மாறிவிட்டதே என்று அவன் நினைத்தான். அவள் ஒரு நாள், "இன்னிக்கு சுன்னிவா தானா உக்காந்தா" என்றாள். "அப்படியா" என்று நிமிர்ந்து, உண்மையாகவே சந்தோஷப்பட்டு, மறுபடி குனிந்தான்.

நவம்பர் இரண்டாம் வாரம், முதல் பனி பெய்தது. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள்.

"சனிக்கிழமை நாம்ஸோஸ் போறேன். அம்மா வீட்டுக்கு."

"வண்டியிலயா?"

"வண்டியிலதான்."

"அறுநூறு கிலோமீட்டர்!" சிண்ட்ரேயின் முகம் மலர்ந்தது. "மலை தாண்டணும். டொம்போஸ்ல ஒரு தடவை சார்ஜ் போட்டா போதும்... இல்ல, குளிர்ல ரெண்டு தடவை. இரு, நான் எழுதித் தர்றேன்."

எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. ஆகஸ்டில் அவள் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அதுதான் மாற்றியாகிவிட்டதே. மாற்றிய வண்டியில்தானே போகிறாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சாமான் ஏற்றினார்கள். ஏற்றியவன் சிண்ட்ரே. ஒரு மனிதன் தன் மனைவி வீட்டைவிட்டுப் போவதற்கு இவ்வளவு உற்சாகமாக மூட்டை கட்டி அந்தத் தெரு பார்த்ததில்லை. தள்ளுவண்டியின் சக்கரங்களைக் கழற்றி ஓரத்தில் செருகினான். குழந்தைக் கட்டிலைப் பலகை பலகையாகப் பிரித்து அடியில் பரப்பினான். பெட்டி, அதன்மேல் பை, பையின் இடுக்கில் காலணிகள்.

"பாத்தியா? இன்னும் எடம் இருக்கு!"

"இருக்கு" என்றாள் மாரென். உள்ளே போய் இன்னொரு பையைக் கொண்டுவந்தாள். வாய் மூடாத பை. மேலாக ஒரு மஞ்சள் வெயில் தொப்பியும், பெரிய அளவில் வாங்கிவைத்த கையில்லாத பூப்போட்ட கவுனும் தெரிந்தன. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.

எதிர்வீட்டில் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆர்னே" என்றாள் டூரிட். "அடுத்த கோடைக்கான துணி எடுத்துட்டுப் போறா."

"ம்."

"நான் போய் அவன்கிட்ட ஏதாவது சொல்லட்டுமா?"

ஆர்னே செய்தித்தாளைத் தாழ்த்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சொல்வதா? அதெப்படி? அது அவர்கள் வீட்டு விஷயம். ஆர்னே செய்தித்தாளை உயர்த்தினான்.

சிண்ட்ரே அந்தப் பையைப் பின் இருக்கையின் காலடியில் அழகாகப் பொருத்தினான். தொப்பி நசுங்காமல் மேலே வைத்தான். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டான். மாரென் அவனைக் கட்டிக்கொண்டாள், வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம். கழுத்தில் அவள் மூச்சு பட்டது. அப்போதும் அவன் சொன்னது, "மலைமேல காத்து அடிச்சா மெதுவா போ" என்பதுதான். வண்டி சத்தமில்லாமல் போயிற்று. பின்னால் நின்று கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் வந்தான். குழந்தை அறையில் கட்டில் இருந்த இடத்தில் தரை வெளிறி, நீள்சதுரமாக இருந்தது. கோடைத் துணிகள் இருந்த இழுப்பறை முழுதாக மூடப்படாமல் கிடந்தது. அதை மூடப் போனவன், உள்ளே பார்த்தான். காலி. அதற்குக் கீழே உள்ளதும் காலி. மாரெனின் அலமாரியைத் திறந்தான். வெறும் மாட்டிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

சிண்ட்ரே படுக்கை விளிம்பில் உட்கார்ந்தான். தான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் அடுக்கினோம் என்பது கைகளுக்கு நினைவிருந்தது. கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்தான். இத்தனை மாதம் அவள் போகாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று அவன் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தான். ஒரு காரணம் கரும்பச்சை நிறத்தில் இருந்தது. அவளால் ஓட்ட முடியாத ஆறு கியரும், குழந்தையோடு போக இடமில்லாத இரண்டு இருக்கையும். அதைத்தான் அவன் கை குலுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டு, கதவு நான்கும் திறக்கிற ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் அட்டையை வைத்தான்.

கைப்பேசியில் புள்ளி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு டொம்போஸில் நின்றது. மின்னேற்றியில் செருகினாள் போலிருக்கிறது; பதினான்கு சதவீதம் என்று காட்டியது. இருபது. முப்பத்தொன்று. அவன் நான்கு தடவை அவள் கைப்பேசி எண்ணை எடுத்து, அழைக்காமல் வைத்தான். ஐம்பத்திரண்டு ஆனபோது அழைத்தான்.

"மாரென்."

"ம்."

"எங்க இருக்க?"

"உனக்குத்தான் தெரியுமே." பின்னால் சுன்னிவா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "இவளுக்குக் கேரட் மசிச்சது குடுத்துட்டிருக்கேன்."

"அலமாரியப் பாத்தேன்."

கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது.

"நான் உன்கிட்ட மறைக்கல, சிண்ட்ரே. உன் கையாலதான ஏத்தின? ஒவ்வொரு பையா. இப்போ கேப்பான், இப்போ கேப்பான்னு பாத்துட்டே இருந்தேன். அந்தத் தொப்பிய எடுத்து மேல வெச்ச பாரு, அப்போகூட."

"நான் வண்டிய மாத்திட்டேனே."

"தெரியும்."

"உனக்காகத்தான்."

"தெரியும். எனக்கு வண்டி மேல கோவமே கெடையாது. எப்பவும் இருந்ததில்ல." அவள் குரல் கொஞ்சம் உடைந்து, மறுபடி நேரானது. "கேளு. இப்போ அறுபத்தெட்டு காட்டுது. ஏறுற வரைக்கும் இங்கதான் நிப்பேன். தெக்கயும் போகலாம், வடக்கயும் போகலாம், ரோடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். உனக்கு என்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இப்போ சொல்லு. எதுவா இருந்தாலும் சரி. தப்பா சொன்னாலும் பரவாயில்ல."

சிண்ட்ரேவுக்குச் சொல்ல இருந்தது. நிறைய இருந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. திரும்பி வா. நான் தனியாக இந்த வீட்டில் என்ன செய்வேன். பஸ்ஸில் நீ வந்த அன்று நான் மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். குழந்தையைக் கீழே வைக்கப் பயந்துகொண்டு ஓடிவரவில்லை. இதில் எதை முதலில் எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எடுத்துப் பழக்கமும் இல்லை. கைப்பேசித் திரையில் எண் மாறியது. எழுபத்தொன்று. எழுபத்து நான்கு. அவன் கண் அந்த எண்ணிலேயே இருந்தது. அதைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும்.

"எண்பது வந்ததும் கழட்டிடு" என்றான். "அதுக்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும். நின்னா நேரம்தான் வீண்."

மறுமுனையில் மூச்சு நின்று, பிறகு நீளமாக வெளியே வந்தது. அது சிரிப்பு என்று முதலில் நினைத்தான்.

"சரி" என்றாள் மாரென். "எண்பதுல கழட்டிடறேன்."

தொடர்பு அறுந்தது. சிண்ட்ரே உடனே திரும்ப அழைத்தான். அடித்துக்கொண்டே இருந்தது. எழுபத்தேழு. எழுபத்தொன்பது. எண்பது ஆனதும் சார்ஜ் நின்றதாகத் திரை காட்டியது. புள்ளி ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு நகர்ந்தது. தெற்கே அல்ல.

மூன்று மணிக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருக்க முடியாமல் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. டூரிட்டும் சரியாக அதே நேரம் தன் குப்பையோடு வந்திருந்தாள்.

"வண்டி எப்படி, நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது. மலை தாண்டியாச்சு."

"எப்போ வர்றாளாம்?"

சிண்ட்ரே குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

"அத நான் கேக்கல, டூரிட்."

பனி லேசாக விழத் தொடங்கியது. டூரிட்டிடம் அடுத்த கேள்வி இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். தன் பையைத் தொட்டியில் போட்டாள். கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து வீட்டுக்குத் திரும்பினாள். சிண்ட்ரே கையிலிருந்த பையோடு அங்கேயே நின்றான்.